மடித்த காகிதம் ஒன்று: நியூயார்க்கில் ஐந்து நாள்

முதல் நாள் – அக்டோபர் 8, 2024, செவ்வாய்

மகள் வீட்டுக் கொலுவுக்கு உதவியாகப் போகிறேன் என்றுதான் ஊரில் சொல்லிவிட்டு வந்தேன். அது உண்மைதான். ஆனால் பெட்டியில் ஒரு நோட்டும் கூடவே வந்திருக்கிறது. அதில் ஏழெட்டு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். எல்லாமே 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் நியூயார்க்கில் நடந்த பெரிய குற்றங்களோடு சம்பந்தப்பட்ட இடங்கள். அந்தக் குற்றங்களுக்காகச் செய்யாதவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள்.

முப்பத்திரண்டு வருடமாகப் பாளையங்கோட்டையில் கிரிமினல் பக்கம் வக்கீலாக இருக்கிறேன். "அதுக்காக இங்க வந்தும் கேஸ் கட்டாம்மா?" என்று மகள் கேட்டாள். அதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை எழுதுகிறேன்.

நியூ ஜெர்சிப் பக்கம் ஜர்னல் ஸ்கொயரில் பாத் (PATH) ரயில் ஏறி 33-ஆம் தெருவில் இறங்கி டைம்ஸ் ஸ்கொயருக்கு நடந்தோம். மகள் விளக்குப் பலகைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளை இன்னும் பத்து தெரு வடக்கே நடக்க வைத்தேன். மேற்கு 52-ஆம் தெரு. இன்றைக்கு அங்கே உணவகங்களும் ஓட்டல்களும்தான்.

1987 புத்தாண்டு பிறந்த இரவு, இந்தத் தெருவில் மனைவியோடு நடந்து வந்த 71 வயது பிரெஞ்சுப் பயணி ஒருவரை வழிப்பறிக்காரர்கள் தாக்கினார்கள். அவர் இறந்துபோனார். உலகமே டிவியில் பார்க்கும் கொண்டாட்டம் நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, அதுவும் வெளிநாட்டுப் பயணி. நகரமே ஆடிப்போயிற்று. எரிக் ஸ்மோக்ஸ், டேவிட் வாரன் என்று புரூக்ளினைச் சேர்ந்த இரண்டு நண்பர்களைப் பிடித்தார்கள். ஒருவருக்கு 19 வயது, இன்னொருவருக்கு 16. தடயம் என்று எதுவும் கிடையாது. சில பதின்வயதுப் பையன்கள் சொன்ன சாட்சியம்தான் இருந்தது. அந்த வருடமே தண்டனை. ஸ்மோக்ஸ் 24 ஆண்டும் வாரன் 20 ஆண்டும் உள்ளே இருந்தார்கள். போலீஸ் மிரட்டியதால் பொய் சொன்னோம் என்று சாட்சிகள் பிறகு சொன்னார்கள். தீர்ப்பு ரத்தானது 2024 ஜனவரி 31-ஆம் தேதி, அதாவது இந்த வருடம்.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. தண்டனைக் கைதியை வெளியே விடலாமா என்று முடிவு செய்யும் பரோல் குழுவின் முன் போகிறவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தால்தான் வெளியே வர வாய்ப்பு. இவர்கள் இருவரும் அப்படித்தான் கடைசியில் சொன்னார்கள். நிரபராதி என்று நிரூபிக்க மனுப் போட்டபோது அதே வார்த்தைகள் இவர்களுக்கு எதிராகத் திரும்பின. 2020-ல் மனு தள்ளுபடியானது. செய்யாததைச் செய்தேன் என்றால்தான் கதவு திறக்கும். திறந்த பிறகு, செய்தேன் என்று நீதானே சொன்னாய் என்று கேட்கும். இப்படி ஒரு பொறியை யார் மேலும் வைக்கக் கூடாது.

அங்கிருந்து ஒரு தெரு தள்ளி, 53-ஆம் தெருவும் ஏழாம் அவென்யூவும் சேரும் இடத்தில் சுரங்க ரயில் நிலையம். 1990 செப்டம்பர் 2. யூட்டாவிலிருந்து டென்னிஸ் போட்டி பார்க்க வந்த குடும்பம் இந்த நடைமேடையில் நின்றது. பணம் பறிக்க ஒரு கும்பல் வந்தது. பெற்றோரைக் காக்கப் பாய்ந்த 22 வயது மகனைக் குத்திக் கொன்றார்கள். சில நாளில் ஒரு பத்திரிகை மேயர் டேவிட் டிங்கின்ஸைப் பார்த்து 'டேவ், ஏதாவது செய்' என்று முதல் பக்கத்தில் கத்தியது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் இந்த ஊரில் 2,245 கொலைகள். ஒரு நாளைக்கு ஆறுக்கும் மேல். (2017-ல் அது 292 ஆகக் குறைந்துவிட்டது.)

அந்த நடைமேடைக் கொலைக்கு ஏழு பேர் தண்டிக்கப்பட்டார்கள். அதில் ஒருவர் ஜானி ஹின்காபி, அப்போது 18 வயது. வீடியோவில் ஒப்புக்கொண்டார். அடித்து வாங்கிய வாக்குமூலம், சம்பவம் நடந்தபோது நான் கீழே நடைமேடையிலேயே இல்லை என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். காது கொடுக்க 25 ஆண்டு ஆயிற்று. 2015-ல் தீர்ப்பு ரத்தாகி வெளியே வந்தார், 2017-ல் வழக்கையே கைவிட்டார்கள்.

படியிறங்கி நடைமேடையில் நின்று பார்த்தேன். ரயில் வரும்போது காற்று முகத்தில் அடிக்கிறது. அன்றைக்கு இங்கே நின்ற தாயும் தகப்பனும்தான் நினைவுக்கு வந்தார்கள். அந்தக் காலத்து மக்களின் பயம் கட்டுக்கதை இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர் இது. அதை மறந்துவிட்டு இந்த வழக்குகளைப் பேசினால் பாதிதான் புரியும்.


இரண்டாம் நாள் – அக்டோபர் 9, புதன்

இன்று மாப்பிள்ளை லீவு போட்டுக் கூட வந்தார். 2-ஆம் எண் ரயிலில் 110-ஆம் தெரு, சென்ட்ரல் பார்க் நார்த். படியேறினால் எதிரே பூங்கா.

சென்ட்ரல் பார்க்கைச் சுற்றி இடுப்பளவுக் கல் சுவர் ஓடுகிறது. அதில் நுழைவாயில்களுக்கு 1862-லேயே பெயர் வைத்திருக்கிறார்கள்: மாலுமிகள் வாசல், பெண்கள் வாசல், அந்நியர் வாசல், இப்படி. வாசல் என்றால் கதவோ வளைவோ இல்லை. சுவர் முடியும் இடத்தில் கல்லில் பெயர் வெட்டியிருக்கும், அவ்வளவுதான். மால்கம் எக்ஸ் சாலைக்கும் ஐந்தாம் அவென்யூவுக்கும் நடுவே உள்ள வாசலில் 'கேட் ஆஃப் தி எக்ஸானரேட்டட்' என்று வெட்டியிருக்கிறது. குற்றமற்றவர் எனத் தெளிந்தோர் வாசல் என்று சொல்லலாம். திறந்தது 2022 டிசம்பர் 19.

எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தேன். கல்வெட்டு எழுத்தைத் தொட்டுப் பார்ப்பது நம் ஊர்ப் பழக்கம். மற்ற வாசல்களின் எழுத்தில் கருப்பு ஏறியிருக்கிறது. இதில் வெட்டின ஓரம் இன்னும் கூர்மையாகவே இருக்கிறது. சுவர்மேல் யாரோ ஒரு பூங்கொத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், வாடியிருந்தது.

1989 ஏப்ரல் 19 இரவு, பூங்காவுக்கு வடக்கே இருக்கும் ஹார்லெம் பகுதிப் பையன்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் இந்த வழியாகத்தான் பூங்காவுக்குள் போனார்கள். அவர்களில் சிலர் அந்த இரவில் சைக்கிளில் வந்தவர்களையும் ஓடிக்கொண்டிருந்தவர்களையும் வம்புக்கு இழுத்தார்கள், அடித்தார்கள். அது நடந்தது, அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. அதே இரவில், 102-ஆம் தெருவுக்கு நேராகப் பூங்காவைக் குறுக்கே கடக்கும் பாதைப் பக்கம், தனியாக ஓட வந்த 28 வயது வெள்ளையினப் பெண் ஒருவர் அடித்து இழுத்துச் செல்லப்பட்டு, பலாத்காரம் செய்யப்பட்டு, சாகக் கிடந்தார். நள்ளிரவுக்குப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள். உடம்பின் ரத்தத்தில் பெரும்பகுதி போயிருந்தது. பன்னிரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தார். யார் செய்தது என்று அவருக்கு எதுவும் நினைவில் இல்லை.

அதற்காக ஐந்து பையன்களைப் பிடித்தார்கள். யூசெஃப் சலாம், ஆன்ட்ரான் மெக்ரே இருவருக்கும் 15 வயது. கெவின் ரிச்சர்ட்சன், ரேமண்ட் சான்டானா 14. கோரி வைஸ் 16. ஐந்தாவது பையனைப் போலீஸ் தேடவே இல்லை. நண்பன் யூசெஃபைக் கூட்டிப் போகிறார்களே என்று துணைக்கு ஸ்டேஷனுக்குப் போனவன். 16 வயது ஆகிவிட்டதால் பெற்றோர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற விதி அவனுக்குப் பொருந்தவில்லை. துணைக்குப் போன அந்தப் பையன்தான் ஐவரில் அதிக காலம், 13 ஆண்டுகள் வரை, பெரியவர்களின் ஜெயிலில் இருந்தான்.

மணிக்கணக்கில் தூக்கமில்லாமல் விசாரணை. மற்றவன் உன் பெயரைச் சொல்லிவிட்டான், நீ பார்த்ததை மட்டும் சொல், வீட்டுக்குப் போகலாம். இந்த வாக்கியத்துக்கு மொழியே தேவையில்லை, எல்லா ஊரிலும் கேட்டிருக்கிறேன். நான்கு பேர் வீடியோவில் பேசினார்கள். ஒவ்வொருவனும் மற்றவன் செய்தான், நான் கூட இருந்தேன் என்கிற மாதிரி. யூசெஃபின் அம்மா வந்து தடுத்ததால் அவன் வீடியோ கொடுக்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. இடம், நேரம், அந்தப் பெண் போட்டிருந்த உடை எதிலும் இந்த வாக்குமூலங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஜூரிக்கு, அதாவது தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த பொதுமக்களுக்கு, அது பெரிதாகப் படவில்லை. செய்யாதவன் எதற்கு ஒப்புக்கொள்வான் என்று சாதாரண மனுஷன் நினைப்பான். ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு இரவு உட்கார்ந்து பார்த்தவன் அப்படி நினைக்க மாட்டான்.

பத்திரிகைகள் 'ஓநாய்க் கூட்டம்' என்று எழுதின. பையன்களின் பெயர்களை வெளியிட்டன. மே 1-ஆம் தேதி, அப்போது கட்டடத் தொழில் செய்துகொண்டிருந்த, பின்னாளில் ஜனாதிபதியான டொனால்ட் டிரம்ப் நான்கு நாளிதழ்களில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார்: மரண தண்டனையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கோர்ட் விசாரணை தொடங்க இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. அதே மே மாதம் புரூக்ளினில் ஒரு கறுப்பினப் பெண்ணைப் பலாத்காரம் செய்து மாடியிலிருந்து தள்ளினார்கள். அவருக்காக யாரும் முழுப் பக்கம் வாங்கவில்லை.

வாசலிலிருந்து 102-ஆம் தெரு வரை நடந்தோம். ஹார்லெம் மீர் ஏரியில் வாத்துகள். ஓரத்தில் ஒரு பெரியவர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். அதைத் தாண்டினால் மேடும் பாறையும் அடர்ந்த மரமும். பூங்காவின் தென்பகுதியைப் படத்தில் பார்த்து வைத்திருப்பவர்களுக்கு இது வேறு ஊர் மாதிரி இருக்கும். இலை பழுக்கத் தொடங்கியிருக்கிறது. நடுப்பகலிலேயே சில இடத்தில் வெளிச்சம் குறைவு. பக்கத்தில் பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை பேசாமல் வந்தார்.

ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். நான் இந்த ஊருக்கு வந்ததே இதற்காகத்தான். போலீசின் கையில் அன்றைக்கே மூன்று தாள் இருந்தது.

ஒன்று, புல்லில் அந்தப் பெண்ணை இழுத்துப் போன தடத்தின் படம். கும்பல் நடந்த தடமாக அது இல்லை. ஒரே ஆள் இழுத்துப் போகிற அளவுக்குக் குறுகலானது. இரண்டு, டி.என்.ஏ. பரிசோதனை. ஐவரில் யாருக்கும் பொருந்தவில்லை. இது கோர்ட் விசாரணைக்கு முன்பே தெரியும். அகப்படாத இன்னொருவனுடையது அது, அவன் தப்பிவிட்டான் என்று அரசுத் தரப்பு சொல்லிவிட்டது.

மூன்றாவதுதான் எனக்கு ஆறவில்லை. ஏப்ரல் 17, அதாவது இரண்டே நாள் முன்பு, இதே பூங்காவில் இன்னொரு பெண் தாக்கப்பட்டார். தாக்கியவனின் தாடையில் புதிதாகத் தையல் போட்டிருந்தது என்று சொன்னார். ஒரு துப்பறியும் அதிகாரி அதை வைத்து மருத்துவமனையில் விசாரித்து, ஒரு பெயர் வரை போய்விட்டார். மட்டியாஸ் ரேயஸ். அதோடு அந்த விசாரணை நின்றுவிட்டது. தையல் போட்ட ஆஸ்பத்திரிப் பதிவு ஒரு கேஸ் கட்டுக்குள், சாகக் கிடந்த பெண்ணின் வழக்கு இன்னொரு கட்டுக்குள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை. நகரமே குற்றவாளிகளைப் பிடித்தாயிற்று என்று நம்பிக்கொண்டிருந்ததே.

அந்தக் கோடையில் ரேயஸ் மேலும் பெண்களைத் தாக்கினான். ஜூன் மாதம் ஒரு கர்ப்பிணியைக் கொன்றான், அவருடைய குழந்தைகள் அடுத்த அறையில் இருந்தார்கள். ஆகஸ்டில் பிடிபட்டான். அவனுடைய டி.என்.ஏ.வும் அரசிடம் வந்தது. பூங்கா வழக்கோடு யாரும் ஒப்பிடவில்லை. ஐந்து பையன்களை உள்ளே தள்ளிய அவசரம்தான் அந்தக் கர்ப்பிணியின் வீட்டுக் கதவு வரை அவனை நடக்க விட்டது. நிரபராதிக்குத் தண்டனை என்றால் உள்ளே போனவனை மட்டும் பேசுகிறோம். வெளியே விடப்பட்டவனின் கையில் செத்தவர்களையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும்.

உண்மை வெளியே வந்ததும் ஜெயிலுக்குள்ளிருந்துதான். 2001-ல் ஆபர்ன் சிறையில் ரேயஸும் கோரி வைஸும் சந்திக்க நேர்ந்தது. அடுத்த வருடம் ரேயஸ் தானாகவே ஒப்புக்கொண்டான், நான் தனியாகத்தான் செய்தேன் என்றான். டி.என்.ஏ. பொருந்தியது. 2002 டிசம்பர் 19 அன்று ஐவரின் தீர்ப்பும் ரத்தானது. வாசல் திறந்த தேதி அதே டிசம்பர் 19, இருபது வருடம் கழித்து.

யூசெஃப் சலாம் இப்போது இதே ஹார்லெமின் நகர மன்ற உறுப்பினர். 2023 தேர்தலில் ஜெயித்தவர்.


மூன்றாம் நாள் – அக்டோபர் 10, வியாழன்

சென்டர் தெரு, எண் 100. மேன்ஹாட்டன் கிரிமினல் கோர்ட். இரவு ஒரு மணி வரை இங்கே கோர்ட் நடக்கும், கைது செய்யப்பட்டவர்களை முதன்முதலாக நீதிபதி முன் நிறுத்துவதற்காக. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். பையைச் சோதனை செய்துவிட்டு விட்டார்கள். மகளும் நானும் ஏழு மணிக்குப் போய்ப் பத்து மணி வரை இருந்தோம்.

சர்ச்சில் இருப்பது போல நீளமான மர பெஞ்சுகள். பக்கவாட்டுக் கதவு திறக்கும், ஒருவரைக் கூட்டி வருவார்கள். ஒரு வழக்குக்கு மூன்று நிமிடம், நான்கு நிமிடம். சட்ட உதவி அமைப்பின் இளம் வக்கீல் ஒரு பெண், கையில் பத்துப் பன்னிரண்டு ஃபைலோடு நின்றாள். கட்சிக்காரரின் பக்கத்தில் நின்றுகொண்டே கட்டைவிரலால் தாள்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நடுவில் ஒரு தாளில் கை நின்றது. திரும்ப அதற்கு முந்தின தாளுக்குப் போனாள். நீதிபதியிடம் ஒரு நிமிடம் கேட்டாள். எனக்கு எழுந்து நின்று அவளுக்கு வணக்கம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

இங்கே விசாரணை நீதிமன்றத்துக்குப் பெயரே 'சுப்ரீம் கோர்ட்'. மேலே போனால்தான் அப்பீல் கோர்ட். மகளுக்கு இது ரொம்ப நேரம் புரியவில்லை.

பூங்கா வழக்கின் இரண்டு விசாரணைகளும் 1990-ல் நடந்தன. ஆகஸ்டில் மூன்று பேருக்குத் தீர்ப்பு, டிசம்பரில் இரண்டு பேருக்கு. 2002-ல் அந்த வழக்கைத் திரும்பப் பார்த்தது நான்சி ரையன் என்ற உதவி அரசு வழக்கறிஞர். அவர் வேலை பார்த்தது, தண்டனை வாங்கிக் கொடுத்த அதே அலுவலகத்தில். தன் அலுவலகத்துக்கு எதிராக அறிக்கை எழுதினார். தலைமை வழக்கறிஞர் ராபர்ட் மார்கன்தாவ் அதை ஏற்றுக் கோர்ட்டில் கொடுத்தார். அடுத்த வருடமே போலீஸ் தரப்பில் வந்த ஒரு அறிக்கை, ஐவருக்கும் ஏதோ பங்கு இருந்திருக்கலாம் என்றது. நகர நிர்வாகம் நஷ்டஈட்டு வழக்கைப் பத்து வருடத்துக்கு மேல் இழுத்து, 2014-ல்தான் 4 கோடியே 10 லட்சம் டாலருக்கு முடித்தது. தவறு என்று அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை.

நம் சட்டத்தில் போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் சாட்சியமாகக் கொள்ள முடியாது. 1872 சாட்சியச் சட்டத்திலிருந்தே இருக்கும் விதி. இங்கே அப்படி இல்லை, அதனால்தான் அந்த வீடியோக்கள் ஐந்து வாழ்க்கையைத் தூக்கிக்கொண்டு போயின. அதிலும் கேமராவை முடுக்கியது எல்லாம் பேசி முடித்த பிறகு. முந்தைய மணி நேரங்கள் பதிவில் இல்லை. கடுமையான குற்றங்களில் போலீஸ் விசாரணை முழுவதையும் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் நியூயார்க்கில் 2018 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்தது.


நான்காம் நாள் – அக்டோபர் 11, வெள்ளி

சரஸ்வதி பூஜை. எங்கும் போகவில்லை. கொலுவுக்கு முன்னால் பேத்தியின் பாடப் புத்தகங்கள், மாப்பிள்ளையின் லேப்டாப், என் நோட்டு. பாளையங்கோட்டையில் ஜூனியர் பெண் ஆபீசில் கட்டுகளை அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்துப் படம் அனுப்பியிருந்தாள். சுண்டல் செய்து முடித்து உட்கார்ந்திருக்கிறேன். காரணம் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேனே.

2006-ல் எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் தனியாக இருந்த ஒரு பாட்டியைக் கொன்று நகையை எடுத்துப் போய்விட்டார்கள். ஊரே கொதித்தது. இரண்டு நாள் சாலை மறியல், கடையடைப்பு. பேப்பரில் தினமும் செய்தி. மூன்றாம் நாள் ஒரு லோடுமேனைக் கைது செய்தார்கள். நான்தான் அவருக்கு ஆஜரானேன். சாட்சிகளை நன்றாகத்தான் குறுக்கு விசாரணை செய்தேன். ஆயுள் தண்டனை வந்தது.

கைது செய்தபோது அவர் சட்டைப் பையில் இருந்தவை என்று ஒரு பட்டியல் கேஸ் கட்டுக்குள் இருந்தது. பீடிக்கட்டு ஒன்று. தீப்பெட்டி ஒன்று. ரூபாய் பதினான்கு. மடித்த காகிதம் ஒன்று. அந்தப் பட்டியலை நான் இருபது தடவையாவது படித்திருப்பேன். மதுரையில் அப்பீலை நடத்திய மூத்த வக்கீல் முதல் தடவை படித்ததும் கேட்டார்: "அது என்ன காகிதம்மா?"

அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டு. சம்பவம் நடந்த இரவு, காய்ச்சலில் இருந்த தன் குழந்தையை அவர் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிய சீட்டு. இரவுப் பதிவேட்டிலும் நேரத்தோடு இருந்தது. அவர் என்னிடம் முதல் நாளே சொன்னார், பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்று. எல்லாரும் ஏதோ ஒன்று சொல்வார்கள் என்று நினைத்துவிட்டேன். ஊர் முழுக்க இவன்தான் என்று சொன்னபோது, அவருடைய வக்கீலான என் மனசிலும் ஒரு ஓரத்தில் அது ஒட்டிக்கொண்டது. அதைத்தான் இத்தனை வருடம் வெளியே சொல்லாமல் இருந்தேன்.

நான்கு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு வந்தார். வந்த மறுநாள் ஆபீசுக்கு வந்து நன்றி சொன்னார். குழந்தையையும் கூட்டி வந்திருந்தார். அப்பா கையைப் பிடிக்காமல் தள்ளியே நின்றது.


ஐந்தாம் நாள் – அக்டோபர் 12, சனி

வில்லியம்ஸ்பர்க், புரூக்ளின். ஜே ரயில் பாலத்தின் மேல் ஏறும்போது ஆறும் நகரமும் ஒன்றாகத் தெரியும். மார்சி அவென்யூவில் இறங்கினோம். தெற்கே நடந்தால் பழைய ஆசாரங்களை விடாத ஹசிடிக் யூதர்களின் வட்டாரம். இன்று யோம் கிப்பூர், அவர்களுடைய பாவ மன்னிப்பு நோன்பு நாள். கடை ஒன்றுகூடத் திறக்கவில்லை, வண்டி ஓடவில்லை. வெள்ளை அங்கி போட்ட ஆண்கள், காலில் தோல் செருப்பு இல்லாமல் துணிச் செருப்போடு, ஜெபக் கூடங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். படம் எடுக்காதே ஏட்டி என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

1990 பிப்ரவரியில், வியாபாரத்துக்காக வைரம் எடுத்துச் செல்லும் ஒருவரைக் கொள்ளையடிக்க முயன்று தோற்ற ஒருவன், தப்பிப் போகக் கார் வேண்டி, இந்தப் பக்கம் எல்லாரும் மதித்த ஒரு ரபியை (யூத மதகுருவை)ச் சுட்டுவிட்டு அவர் காரில் ஓடினான். ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். டேவிட் ராண்டா என்ற வேலையில்லாத அச்சகத் தொழிலாளி பிடிபட்டார். அடையாள அணிவகுப்பில் அவரைக் காட்டிய பையன் ஒருவன் பெரியவனான பிறகு சொன்னான்: பெரிய மூக்கு இருப்பவனைக் காட்டு என்று ஒரு துப்பறியும் அதிகாரி என்னிடம் சொன்னார். ராண்டா 2013 மார்ச்சில் வெளியே வந்தார், 23 ஆண்டு கழித்து. மறுநாளே மாரடைப்பு வந்தது. அந்த வழக்கில் வேலை பார்த்த ஒரு துப்பறியும் அதிகாரியின் வழக்குகள் மட்டுமே பத்துக்கும் மேல் பிறகு ரத்தாயின. தாம் தப்பு எதுவும் செய்யவில்லை என்கிறார் அவர்.

நான் இங்கே வந்தது இன்னொரு வழக்குக்காக. 1989 ஆகஸ்ட் 15 அதிகாலை, இதே வில்லியம்ஸ்பர்க்கில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜோனதன் ஃப்ளெமிங் என்பவரைப் பிடித்தார்கள். அவர் அப்போது குடும்பத்தோடு ஃப்ளோரிடாவில், ஒர்லாண்டோவில், டிஸ்னி வேர்ல்டில் இருந்தார். ஃபோட்டோ இருந்தது, வீடியோ இருந்தது, விமான டிக்கெட் இருந்தது. நடுவில் பறந்து வந்து சுட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம் என்று அரசுத் தரப்பு வாதம். 53 விமானங்களின் பட்டியலைக் கொடுத்தார்கள். பார்த்தேன் என்று சொன்ன ஒரே பெண், தீர்ப்பு வந்த கொஞ்ச நாளிலேயே, தன் மேல் இருந்த வழக்கிலிருந்து தப்பப் பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டார். எடுபடவில்லை.

2013-ல் வழக்கை மறுபடி பார்த்தபோது போலீஸ் கட்டுக்குள்ளிருந்து ஒரு ரசீது வந்தது. ஒர்லாண்டோ ஓட்டலில் ஃபோன் பில் கட்டிய ரசீது. ஆகஸ்ட் 14, இரவு 9:27. கொலைக்கு ஐந்து மணி நேரம் முன்னால். ஓட்டல் ஊழியர்களுக்கு அவரை நினைவிருக்கிறது என்று ஒர்லாண்டோ போலீஸ் அனுப்பிய கடிதமும் கூடவே இருந்தது. இரண்டையும் ஃப்ளெமிங்கின் வக்கீலுக்குக் கொடுக்கவே இல்லை. 2014 ஏப்ரல் 8 அன்று ஃப்ளெமிங் வெளியே வந்தார். கிட்டத்தட்ட 25 ஆண்டு.

கென்னத் தாம்ப்சன் என்பவர் அப்போதுதான் புரூக்ளின் தலைமை அரசு வழக்கறிஞராகியிருந்தார். பழைய தண்டனைகளைத் திரும்பப் பார்க்கத் தனிப் பிரிவை விரிவாக்கினார். 2016-ல் அவர் இறப்பதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட தீர்ப்புகள் ரத்தாயின. அவருடைய ஆட்கள் செய்த வேலை எளிமையானது. பழைய பெட்டிகளைத் திறந்து, தாள் தாளாகப் படித்தார்கள்.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஊருக்குக் கூப்பிட்டேன். அங்கே ஞாயிறு விடியற்காலை. விஜயதசமிக்குக் கட்டுகளைப் பூஜையிலிருந்து எடுத்துவிட்டேன் மேடம், திங்கட்கிழமை வாய்தாவுக்கு எதைப் படிக்கட்டும் என்று ஜூனியர் கேட்டாள். ஒரு கொலை வழக்கு. எது என்று இங்கே எழுத முடியாது. குற்றப்பத்திரிகையை அப்புறம் பார்க்கலாம், கைதின்போது உடம்பிலிருந்து எடுத்த பொருள்களின் பட்டியலை முதலில் வாசி என்றேன்.

"செல்போன் ஒன்று. பர்ஸ் ஒன்று. அதில் ரூபாய் இருநூற்று இருபது. பஸ் டிக்கெட் இரண்டு."

"எந்த ரூட்டு? என்ன தேதி, எத்தனை மணி?"

"அது எழுதலை மேடம். பஸ் டிக்கெட் இரண்டுன்னு மட்டும்தான் இருக்கு."

டிக்கெட்டுகளைப் பார்வையிட அனுமதி கேட்டுத் திங்கட்கிழமை காலையிலேயே மனுப் போடச் சொல்லியிருக்கிறேன்.